மூன்று பவுனும் இருபது நாளும்

போன வருஷம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். பழையதன் ஓரத்தை வெட்டி, ரத்து என்று முத்திரை குத்தி, கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த சித்தி மகள் அதை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கம் முழுக்க ஒட்டியிருந்த கம்போடியா விசா வந்ததும் நிறுத்தி, "அக்கா, இது எப்பப் போனது?" என்று கேட்டாள். 2016 ஜனவரி, எனக்கு 23 வயது என்றேன். அவளுக்கு இப்போது 22. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் 90 ஆயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறாள், அதை வைத்து எங்கேயாவது வெளிநாடு போய்விட்டு வர வேண்டும் என்று ஆசை. சமையல்கட்டிலிருந்து சித்தி, "அந்தக் காசோட கொஞ்சம் போட்டு ஒரு பவுனு எடுத்து வெச்சா நாளைக்கு ஒதவும் கண்ணு. ஊர் சுத்தறதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளையோட சுத்திக்கலாம்" என்றார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் என் அம்மா என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, பிடிவாதம் மட்டும்தான் இருந்தது. இப்போது பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமானது, தீபாவளிப் பலகாரத் தட்டுக்கு நடுவில் சொல்லி முடிக்கக்கூடியது இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பவுன் கணக்கு. விமான டிக்கெட், விசா, தங்கியது, சாப்பிட்டது எல்லாம் சேர்த்து அந்த இருபது நாளுக்கு எனக்கு ஆன செலவு 58,000 ரூபாய். அன்றைக்குப் பவுன் இருபதாயிரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, ஆக ஏறக்குறைய மூன்று பவுன். வாங்கி வைத்திருந்தால் இன்றைக்கு நான்கு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். கணக்குப்படி சித்தி சொல்வது சரிதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கு நான் மனது வைத்தால், சீட்டுப் போட்டோ கடன் வாங்கியோ அந்த மூன்று பவுனை எடுத்துவிடலாம். சேர்ந்தாற்போல் இருபது நாள் லீவு, எட்டுப் பேர் படுக்கிற அறையில் மேல்கட்டிலில் தூக்கம், மூன்றாம் வகுப்பு ரயிலில் விடிகாலையில் ஏறி மதியம் வரை சன்னலோரம், இது எதையும் இப்போது என்னால் எடுக்க முடியாது. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறான், மாமியாருக்கு மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி, எனக்கே முதுகுவலி.

எங்கள் ஊர் கரூர். துண்டு, திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துணி என்று இந்த ஊரின் தறிகளில் நெய்தது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டி பெட்டியாகப் போகிறது. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். நாள் முழுக்க வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, கலர் சரியில்லை என்று அவர்கள் சொன்னால் சாயப்பட்டறைக்கு ஓடுவது. நான் கட்டி அனுப்பிய பெட்டிகள் கடல் தாண்டின, நான் திருச்சியைவிடத் தூரமாகப் போனது கல்லூரிச் சுற்றுலாவுக்கு ஊட்டி போனபோதுதான். 2015 டிசம்பரோடு அந்த வேலையை விட்டேன், அடுத்த கம்பெனியில் பிப்ரவரி 1 சேர வேண்டும். நடுவில் ஒரு மாதம். இப்படி ஒரு மாதம் என் வாழ்க்கையில் இனி வராது என்று அப்போதே தோன்றியது. நிஜமாகவே இதுவரை வரவில்லை.

பாஸ்போர்ட் திருச்சியில் எடுத்தேன், 1,500 ரூபாய். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வந்ததும் தெருவே கேட்டது, பொண்ணு துபாய் போகுதா, மாப்பிள்ளை அங்கேயா என்று. அப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, "தினமும் ரெண்டு வேளை போன் பண்ணோணும்" என்று மட்டும் சொன்னார். அம்மாதான் கடைசி வரை விடவில்லை. "நோம்பிக்கு வூட்டுல இல்லாம எங்க போறே?" என்பதே அவர் வாதம். எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம். வயசுப் பெண் பொங்கல் நோம்பிக்கு வீட்டில் இல்லை என்றால் சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது. நியாயமான கவலைதான், இன்றைக்குப் புரிகிறது.

ஜனவரி 7 திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக பாங்காக். விமான நிலையத்திலேயே 1,000 பாட் கட்டி 15 நாள் விசா வாங்கினேன், அப்போது அதுதான் முறை. முதல் நாள் பகல் முழுக்கப் பயத்தில் ஹாஸ்டலை விட்டு அதிகம் நகரவில்லை. ராத்திரி பசி தாங்காமல் இறங்கினேன். மணி பத்து. தெருவோரத்தில் தள்ளுவண்டி, பிளாஸ்டிக் ஸ்டூல், மேலே ஒரு ட்யூப் லைட், வாணலியில் நூடுல்ஸ் வதக்கும் ஒரு அம்மா. பக்கத்து மேசையில் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்ட ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அண்ணனோ கணவனோ பக்கத்தில் நிற்கவில்லை. அவசரமும் இல்லை. பஸ் டிக்கெட் கொடுப்பவர் பெண், கடை அடைப்பவர் பெண், அந்த நேரத்துக்கு மேல் வீட்டுக்கு நடந்து போகிறவர்களில் பாதி பேர் பெண்கள். நான் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், நாற்பது நிமிஷம் அங்கேயே இருந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கரூரில் ராத்திரி எட்டரைக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்ற பெண்ணுக்குத் தெரியும். ராத்திரி என்றால் அப்படித்தான், உலகம் அப்படித்தான், அதற்குத் தகுந்த மாதிரி நாம்தான் கவனமாக இருந்துகொள்ள வேண்டும் என்று 23 வருஷம் நினைத்திருந்தேன். மழை, வெயில் மாதிரி ஒரு விஷயம் அது என்று. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது வானிலை இல்லை, மனிதர்கள் ஒரு ஊரை வைத்திருக்கும் விதம் என்று உறைத்தது. தாய்லாந்தில் பெண்களுக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. மூலைக்கு மூலை இருந்த செவன் இலெவன் கடைகளில் வெள்ளையாக்கும் கிரீம்தான் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தது, கறுப்பாக இருப்பதைப் பற்றிய அதே வருத்தம் அங்கேயும். ஆனால் அந்த ஒரு ராத்திரி எனக்குள் எதையோ மாற்றிவிட்டது. 40 வயதில் இது தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். 23-இல் தெரிந்ததால் அதை வைத்து வாழ்க்கையில் சிலவற்றை முடிவு செய்ய முடிந்தது. எந்த வேலை, எந்த மாதிரி ஆளைக் கட்டிக்கொள்வது, என்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவது என்று அவரிடம் அனுமதி கேட்கப்போகிறேனா இல்லையா, எல்லாம்.

பாங்காக்கில் இன்னொன்று. மூன்றாம் நாள் ஊருக்கு நடுவில் சிவப்பு நிறத்தில் 21 மீட்டர் உயரத்தில் ஒரு ராட்சத ஊஞ்சல் சட்டத்தைப் பார்த்தேன். ஊஞ்சல் பலகை இல்லை, தூண்கள் மட்டும். போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஊருக்கு வந்து பல மாதம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த ஊஞ்சல் விழா 1935 வரை நடந்தது, அதோடு சேர்ந்த சடங்கின் பெயர் திரியம்பாவாய், அது நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது, பக்கத்திலிருக்கும் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் இன்றும் டிசம்பர், ஜனவரி வாக்கில் அதை ஓதுகிறார்கள் என்று. நான் அங்கே நின்ற நாள் மார்கழி 25. அதே விடிகாலை கரூரில் அம்மா குளித்துவிட்டுத் திருவெம்பாவை பாடியிருப்பார். சின்ன வயதில் போய்விட்டு வந்தால் இப்படி ஒரு வசதி உண்டு, பார்த்தபோது புரியாதது எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகப் புரிய நிறைய வருஷம் கையில் இருக்கிறது.

அங்கிருந்து கம்போடியா எல்லைக்கு ரயில். விடிகாலை 5.55-க்குக் கிளம்பும் மூன்றாம் வகுப்பு வண்டி, டிக்கெட் 48 பாட், நம் காசுக்கு 90 ரூபாய். மின்விசிறி, திறந்த சன்னல், வழி முழுக்க வயல், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஏறி இறங்கும் சுட்ட கோழியும் ஒட்டுச் சோறும். எல்லையில் ஏமாந்தேன். ஆட்டோக்காரர் தூதரகம் மாதிரி ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் இறக்கினார், உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் விசாவுக்கு 1,800 பாட் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்ததும் நிஜமான கவுன்டரில் 30 டாலர் என்று எழுதியிருந்தது. விசா நிஜம்தான், விலைதான் பொய். ஆயிரத்து முன்னூறு ரூபாய்க்கு மேல் போனது. அன்றைக்கு மிகவும் வலித்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் யார் பரபரப்பாக என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனாலும் நின்று, இன்னும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன், வீட்டு மனை வாங்கியபோது உட்பட.

(சித்தி மகள் கவனத்துக்கு: 2025-இல் அந்த எல்லையில் இரண்டு நாடுகளுக்கும் சண்டை மூண்டு தரைவழிகளை மூடிவிட்டார்கள். நான் நடந்து கடந்த பாலத்தை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நீ அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

கம்போடியாவின் சியம் ரீப் ஊரில் எட்டுக் கட்டில் போட்ட டார்ம், அதாவது பொது அறை. ஒரு ஜெர்மன் பெண், இரண்டு கொரியர்கள், தைவானிலிருந்து ஒருத்தி. முதல் ராத்திரி வாயைத் திறக்கவே பயம், என் ஆங்கிலம் அப்படி. தமிழ் மீடியத்தில் படித்தவள், மெயில் எழுதுவேன், பேச வராது. அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது, அந்த அறையில் யாருக்குமே ஆங்கிலம் தாய்மொழி இல்லை. கொரியப் பெண் போனில் வார்த்தை தேடித் தேடிப் பேசினாள், கொஞ்சமும் கூச்சப்படவில்லை. நானும் பேசினேன். பிப்ரவரியில் புது வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரமே பையரோடு வீடியோ கால் வந்தது. முன்பு என்றால் மேனேஜரிடம் தள்ளிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நானே பேசினேன், புரியாத இடத்தில் மறுபடி சொல்லச் சொன்னேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இரண்டு முறை பணம் கட்டி வராத தைரியம் அது.

பொங்கல் அன்று, ஜனவரி 15, காலை ஐந்து மணிக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேரும் வாடகை சைக்கிளில் இருட்டில் அங்கோர் வாட் கோயிலுக்குக் கிளம்பினோம், ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். மூன்று நாள் அனுமதிச் சீட்டு அப்போது 40 டாலர், அந்தப் பயணத்தில் நான் ஒரே இடத்தில் கொடுத்த பெரிய தொகை. கோயில் மேற்குப் பார்த்தது, அதனால் குளக்கரையில் நின்று பார்த்தால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து வரும். தை மாதம் ஆனதால் நடுக்கோபுரத்துக்கு வலது பக்கம் தள்ளி, தெற்கில் எழுந்தது. ஆறரை மணி இருக்கும். ஊரில் அப்போது மணி ஐந்து, அம்மா வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுப்பு மூட்டி, இதே சூரியனுக்காகக் காத்திருப்பார். போன் செய்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். "அங்க சூரியன் வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "சரி, கும்பிட்டுக்கோ" என்றார். பாலைக் காய வைத்துவிட்டு வந்து பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குளக்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் கேமராவோடு நின்றார்கள். கைகூப்பி நின்றது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வெளிச்சம் வந்ததும் உள்ளே போனோம். கீழைச் சுற்றுச் சுவரில் பாற்கடல் கடைந்த காட்சி, கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளத்துக்கு ஒரே சிற்பம். வாசுகியை ஒரு பக்கம் அசுரர்கள், ஒரு பக்கம் தேவர்கள் இழுக்கிறார்கள், நடுவில் விஷ்ணு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டியது. கொரியப் பெண் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தில் அதற்கு நான்கு வரிதான் இருந்தது. எனக்குத் தெரிந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், ஆலகால விஷம், நீலகண்டன், மோகினி, எங்கள் அப்பத்தா மார்கழியில் சொல்லும் கதைகள். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்த வேறு இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்திலோ கம்பெனியிலோ இதைத் தெரிந்து வைத்திருப்பதற்கு ஒரு மரியாதையும் கிடைத்ததில்லை. வீட்டிலிருந்து ஒன்றுமே கொண்டு வராதவள் போல உணர்ந்துகொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

அடுத்த நாள் பந்தேய் ஸ்ரேய் கோயிலுக்கு ஒரு டுக்டுக் பேசிக்கொண்டு போனோம். போகும் வழியில் கண்ணிவெடி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சிறு வயதில் படையில் சேர்க்கப்பட்டு, பிறகு கையாலேயே கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கத் தொடங்கிய அகி ரா என்பவர் ஆரம்பித்தது. வண்டி ஓட்டிய அண்ணன் உள்ளே வரவில்லை, வெளியே மரநிழலில் இருந்தார். திரும்பி வரும்போது அவராகவே பேசினார். "மூணு வருஷம், எட்டு மாசம், இருபது நாள்" என்றார். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி நடந்த காலத்தை அந்த ஊர்க்காரர்கள் நாள் கணக்கோடுதான் சொல்கிறார்கள். பதினைந்து லட்சத்துக்கும் மேல் மக்கள் செத்துப்போன காலம். அவருடைய அப்பாவும் பெரியப்பாக்கள் இரண்டு பேரும் அதில் போனார்கள், அவர் அப்போது அம்மாவின் வயிற்றில். குரல் உயர்த்தாமல், ரோட்டைப் பார்த்தபடி, வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். கோயில் வழிகளில் கால் இழந்தவர்கள் உட்கார்ந்து இசை வாசிப்பதைப் பார்த்திருந்தேன், அதுவரை அது பயணக் காட்சிகளில் ஒன்றாகத்தான் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் இராயனூரில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்கூட ஒன்பதாம் வகுப்பு வரை முகாமிலிருந்து வந்த ஒரு பெண் படித்தாள். ஒரே பெஞ்சு. ஒருநாள்கூட அவள் வீட்டுக்கு நான் போனதில்லை, எங்கிருந்து வந்தாய், உன் ஊர் எது, யார் யார் இருந்தார்கள் என்று கேட்டதில்லை. 2009-இல் இலங்கைப் போரை டிவியில் பார்த்தபோதுகூட அவளிடம் கேட்கத் தோன்றவில்லை. 2,000 மைல் தாண்டிப் போய், பாஷை தெரியாத ஒருவர் சொன்னதைக் கேட்டு ராத்திரி தூங்காமல் கிடந்தவள், வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்ததைக் கேட்கவே இல்லை. ஊருக்கு வந்த பிறகு மார்ச் மாதம் அவளைத் தேடிப் போனேன். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தாள். அவள் அம்மா தேநீர் போட்டுக் கொடுத்து, மன்னாரைப் பற்றியும் படகில் வந்த ராத்திரியைப் பற்றியும் சொன்னார், நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் போகிறேன், அவள் மகள் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. வெளிநாடு போனதில் எனக்குக் கிடைத்தவற்றில் பெரியது எது என்று கேட்டால் அந்த வீட்டு வாசலைத்தான் சொல்வேன்.

கடைசி ஐந்து நாள் மலேசியா. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து 1 ரிங்கிட் 20 சென்னுக்குப் படகில் பினாங்கு. தெருவில் இறங்கியதும் கண்ணில் பட்டது கடைப் பலகைகள், எங்கே பார்த்தாலும் "கெடாய்". மலாயில் கடைக்கு அதுதான் வார்த்தை. கப்பலுக்கு "கபால்", கட்டிலுக்கு "காத்தில்". நாசி கண்டார் என்று பேர் பெற்ற சாப்பாடு தமிழ் முஸ்லிம்கள் கொண்டு வந்தது, கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் கம்பு, அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் காவடி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்கிப்போய் விற்றிருக்கிறார்கள். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டுமானால் "பஞ்ஜிர்" என்று சொல்ல வேண்டும், வெள்ளம் என்று அர்த்தம். நான் மூன்று நாளும் வெள்ளம்தான்.

ஜனவரி 24 தைப்பூசம். முதல் நாளே செட்டியார்களின் வெள்ளி ரதம் கிளம்பி, தண்ணீர்மலைக் கோயிலை நோக்கி ஊர்ந்து போகிறது. ரதம் வரும் வழியெல்லாம் ரோட்டில் குன்று குன்றாகத் தேங்காய், உடைக்கிறவர்களில் சீனர்கள் அத்தனை பேர். தண்ணீர்ப் பந்தலில் எனக்குச் சர்பத் கொடுத்த அக்கா நான்காவது தலைமுறையாக அங்கே இருப்பவர், என் பேச்சைக் கேட்டு "ஊர்லேர்ந்தா வர்றீங்க?" என்றார். ஊர் என்றால் அவர்களுக்கு நம் நாடுதான். என்ன படித்தேன், தனியாகவா வந்தேன், பயமில்லையா என்று கேட்டுவிட்டு, ராத்திரி தங்க இடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, மறுநாள் தன்கூட மலை ஏறக் கூப்பிட்டார். நம்மிடம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, கோயிலைக் கேட்டு, கடைசியில் எதைத் தெரிந்துகொள்ளப் பார்ப்போமோ அந்தக் கேள்வி மட்டும் வரவே இல்லை. அங்கே சாதியே கிடையாது என்று சொல்ல வரவில்லை, கல்யாணப் பேச்சில் அது எட்டிப்பார்க்கும் என்று அந்த அக்காவே சொன்னார். ஆனாலும் தமிழிலேயே, முருகன் கோயில் வாசலிலேயே, அந்தக் கேள்வி இல்லாமல் இரண்டு பெண்கள் ஒருநாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

2019-இல் அம்மாவையும் பினாங்குக்குக் கூட்டிப் போனேன். என் சம்பளத்தில், நல்ல ஹோட்டலில், ஏசி காரில். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. அம்மாவுக்கு முட்டிவலி, இருநூறு படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். கீழே ஊர் தெரிந்தது, தூரத்தில் கடல். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதையெல்லாம் உன்ர வயசுல பாத்திருந்தன்னா நானு வேற மாதிரி இருந்திருப்பனோ என்னமோ" என்றார். என்ன மாதிரி என்று கேட்டேன். "தெரியலயே கண்ணு, அதத்தான சொல்றேன்" என்றார். என் அம்மா பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்தவர். 19 வயதில் கல்யாணம். 54 வயதில் முதல் முறையாக விமானம் ஏறியவர். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், போட்டோக்களை இன்றைக்கும் எல்லோரிடமும் காட்டுகிறார். ஆனால் அந்தப் படியில் வைத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை.

சரி, சித்தி மகளுக்கு. மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசாவை விலக்கின, நான் அலைந்த அலைச்சல் உனக்கு இல்லை. ஆனால் இந்தச் சலுகைகள் தேதி போட்டு வருபவை, மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் அரசாங்க இணையதளத்தில் பார்த்துக்கொள். ஐந்து நாளில் நான்கு நாடு என்று பேக்கேஜ் விற்பார்கள், அதில் போகாதே, அதில் பஸ் சன்னலும் சாப்பாட்டு வரிசையும்தான் பார்ப்பாய். ஒரு நாடு போதும், இரண்டு வாரம் இரு, லோக்கல் ரயிலில் போ, பயணக் காப்பீடு கட்டாயம் எடு. பழகிவிட்டால் அடுத்ததையும் யோசி. பிரிட்டனில் இளம் பட்டதாரிகளுக்கு ஒரு விசா இருக்கிறது, இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 3,000 இடம், குலுக்கல் முறை, இரண்டு வருஷம் வரை அங்கே தங்கி வேலை பார்க்கலாம். ஆஸ்திரேலியாவும் 2024-இலிருந்து ஆண்டுக்கு 1,000 பேருக்கு ஒரு வருஷம் சுற்றிக்கொண்டே வேலை செய்ய விசா தருகிறது, அதுவும் குலுக்கல்தான். இரண்டுக்கும் வயது 18 முதல் 30 வரை. எனக்கு 33, என்னால் விண்ணப்பமே போட முடியாது. உனக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது.

சித்தியிடம் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். அம்மாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.